விநியோகிக்கலாம், தொடக் கூடாது

எட்டு ஆண்டுகளாக ஒரு கம்பைலரை, அதாவது எழுதிய நிரலைக் கணினி இயக்கும் கோப்பாக மாற்றும் கருவியை, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதள வழங்கலுக்காகப் பொதியாக்கி வருகிறேன். அதன் மூலநிரலை இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. ஒரு சில்லு நிறுவனம் தன்னுடைய நுண்கட்டுப்படுத்திகளுக்காக உருவாக்கி, விலை எதுவும் வாங்காமல் தருகிற கருவி அது. நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அவர்கள் தீயவர்கள் அல்லர். இவ்வகை உரிமங்களை எழுதும் எல்லோரையும்போல, தங்கள் வழக்கறிஞர் நீட்டிய தாளை அப்படியே வெளியிட்டவர்கள், அவ்வளவுதான். அந்தத் தாளை ஊதியம் பெறாத ஒருவன் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சொல்சொல்லாகப் படித்துப் பொருள் கொள்ள வேண்டியிருக்கும் என்பதை எழுதியவர் நினைத்திருக்க மாட்டார்.

வழக்கமான பொதியாக்கம் எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூலநிரலை எடுத்துக்கொள்வோம், நம் வழங்கலில் உள்ள நிரலகங்களோடு அது இணங்கும்படி சிறு திருத்தங்களைச் சேர்ப்போம், கட்டமைப்பு விதிகளை எழுதி வழங்கலின் கணினிகளுக்கு அனுப்பினால், அவை ஒவ்வொரு செயலி வகைக்கும் தனித்தனியாகப் பொதியை உருவாக்கித் தரும். வழு வந்தால் நாமே திருத்தலாம், மேல்நிலை ஆசிரியருக்கும், அதாவது நிரலை முதலில் எழுதியவருக்கும், அனுப்பலாம். பராமரிப்பாளர் என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் இருக்கிறது. நான் பராமரிக்கும் கம்பைலரில் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. சுருக்கப்பட்ட ஒரு பெரிய கோப்பு வருகிறது. அதை விரித்தால் கணினி மட்டுமே படிக்கும் இருமக் கோப்புகள், மூன்று பழைய நிரலகங்கள், நான்கு பக்க உரிமம். என் வேலையில் பெரும்பகுதி அந்த நான்கு பக்கங்களில்தான்.

டெபியன் இவ்வகை மென்பொருளைக் கையாளும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1997-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சமூக ஒப்பந்தமும் அதனோடு சேர்ந்த பத்து வழிகாட்டு நெறிகளும் எது கட்டற்ற மென்பொருள், அதாவது எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடியது, என்பதை வரையறுக்கின்றன. அவற்றை நிறைவு செய்பவை ‘மெயின்’ பகுதிக்குச் செல்லும். தான் கட்டற்றதாக இருந்தும் கட்டுப்பாடுள்ள இன்னொன்றைச் சார்ந்திருப்பது ‘காண்ட்ரிப்’ பகுதிக்கும், தானே கட்டுப்பாடுள்ளது ‘நான்-ஃப்ரீ’ பகுதிக்கும் போகும். பின்னிரண்டும் டெபியனின் பகுதிகளே அல்ல என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. ஆனால் அவற்றுக்கான களஞ்சிய வசதியையும் வழு கண்காணிப்பையும் தருவதாகவும் சொல்கிறது. வீட்டின் உறுப்பினர் அல்லர், ஆனால் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம் என்பது போன்ற ஏற்பாடு. இந்தத் திண்ணையை இடித்துவிடலாமா என்று 2004-இல் வாக்கெடுப்பே நடத்தினார்கள். இருக்கட்டும் என்று முடிவாயிற்று. 2022-இல் நடந்த இன்னொரு வாக்கெடுப்பு வன்பொருளுக்கான நிலைப்பொருளை (ஃபர்ம்வேர்) மட்டும் தனிப் பகுதியாகப் பிரித்து, அதிகாரபூர்வ நிறுவல் ஊடகத்திலேயே சேர்க்க இசைவு தந்தது. கம்பைலர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, இருக்கவும் வேண்டாம்.

நான்-ஃப்ரீ பகுதியில் நுழையக் குறைந்தபட்சத் தேவை ஒன்றுதான்: அதை விநியோகிக்கச் சட்டப்படி அனுமதி இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் விநியோகிப்பவர் யார்? உரிமங்கள் ‘நீங்கள்’ என்று விளித்துத் தொடங்குகின்றன. பொதியை நான் பதிவேற்றுகிறேன். வழங்கலின் முதன்மைக் கணினி அதை ஏற்கிறது. உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் தாமாக முன்வந்து நடத்தும் மிரர் தளங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பாராமலே ஒவ்வொரு நாளும் அதைப் படியெடுக்கின்றன. டெபியனை அடிப்படையாகக் கொண்ட வேறு வழங்கல்கள் அதை எடுத்துத் தங்கள் பெயரில் வெளியிடுகின்றன. இவர்களுள் எவர் அந்த ‘நீங்கள்’? ‘பிறருக்கு மாற்றித் தர இயலாத உரிமை’ என்று இன்னொரு வரி இருந்தால், எனக்குக் கிடைத்த அனுமதி மிரர் தளத்துக்குச் செல்லாது. சமூக ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, குறுந்தகடு தயாரிப்பவர்கள் இப்பகுதிகளில் உள்ள பொதிகளின் உரிமங்களைத் தாங்களே படித்து முடிவு செய்துகொள்ளுமாறு ஊக்குவிக்கிறது. மிரர் நடத்துபவர் எவரும் அப்படி ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. நான் படித்திருப்பேன் என்று நம்புகிறார்கள். பதிவேற்றும் கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம், முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோருக்காகப் பிணைக் கையெழுத்து இடுகிறேன் என்ற எண்ணம் எனக்கு வருவது இதனால்தான்.

முதல் ஆண்டில் என் கம்பைலரின் உரிமத்தில் விநியோகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பயன்படுத்தலாம், காப்புப் படி ஒன்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் மௌனம். பதிப்புரிமைச் சட்டத்தில் மௌனம் சம்மதம் ஆகாது. ஆகவே நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் வர ஐந்து மாதங்கள் ஆயின. தங்கள் கருவி ஒரு பெரிய வழங்கலில் இடம்பெறுவதில் மகிழ்ச்சி என்றும், ‘உங்கள் அமைப்பு’ அதை வெளியிட அனுமதிக்கிறோம் என்றும் அன்பாகவே எழுதியிருந்தார்கள். எங்கள் அமைப்புக்கு மட்டும் தந்த அனுமதி மிரர்களுக்குப் போதாது என்று விளக்கி மறுபடி எழுதினேன். இரண்டாம் பதில் வேறு ஒருவரிடமிருந்து வந்தது. குறிப்பிட்ட ஒரே பதிப்புக்கு மட்டும் ‘எவரும் மாற்றமின்றி மறுவிநியோகம் செய்யலாம்’ என்று இருந்தது. அடுத்த பதிப்புக்கு மீண்டும் கேட்க வேண்டுமா என்ற என் மூன்றாம் கடிதத்துக்கு விடையே இல்லை. ஓராண்டுக்குப் பிறகு உரிமத்திலேயே மறுவிநியோகப் பத்தி ஒன்று சேர்ந்திருந்தது. என் கடிதங்களின் விளைவா, தற்செயலா என்று தெரியாது. அந்த மின்னஞ்சல்களை முழுவதுமாகப் பொதியின் பதிப்புரிமைக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அனுமதி தந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாலும் அவர் எழுதிய வரி போகக் கூடாது.

இவ்விஷயத்தில் எங்கள் தலைமுறைக்கு முந்தையவர்கள் பட்ட பாடு இன்னும் பெரிது. அதற்கு ஜாவாவின் கதையைவிட நல்ல சான்று இல்லை. 2006 மே மாதம், ஜாவா நிரல்மொழியை உருவாக்கிய சன் நிறுவனம், இயங்குதள விநியோகஸ்தர்களுக்கென்றே ஒரு ஜாவா உரிமத்தை அறிவித்தது. சுருக்கமாக டிஎல்ஜே என்பார்கள். அதுவரை ஜாவாவை டெபியன் போன்ற வழங்கல்கள் முறையாகத் தங்கள் களஞ்சியத்தில் வைக்க முடியாமல் இருந்ததால் இது பெரும் மகிழ்ச்சியை அளித்தது. சில நாட்களிலேயே சன்-ஜாவா5 பொதி டெபியனின் நான்-ஃப்ரீ பகுதிக்குள் வந்துவிட்டது. அதன் பிறகுதான் பலர் உரிமத்தை நிதானமாகப் படித்தார்கள். இதே பணியைச் செய்யும் வேறு மென்பொருளோடு இணைத்து இயங்குமாறு இதை அமைக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. விநியோகத்தால் சன்னுக்கு எதிராக எழும் வழக்குகளின் இழப்பை விநியோகிப்பவர் ஈடு செய்ய வேண்டும் என்று இன்னொன்று. டெபியனிலோ ஜிசிஜே, காஃபே என்ற கட்டற்ற ஜாவா கருவிகள் அருகிலேயே இருந்தன. கவலை வேண்டாம், நாங்கள் அப்படிக் கருதவில்லை என்று சன் ஒரு வினா-விடை ஏட்டில் விளக்கம் தந்திருந்தது. உரிமம் ஒன்று சொல்ல, விளக்கவுரை இன்னொன்று சொன்னால் நீதிமன்றம் எதைப் பார்க்கும் என்பதுதான் அப்போது நடந்த வாதத்தின் சாரம். ஈடு செய்யும் பிரிவைப் பற்றிய பகுதிகளைப் பின்னாளில் படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. டெபியனுக்குச் சட்டப்படி தனி உருவமே இல்லை. ‘விநியோகிப்பவர் ஈடு செய்வார்’ என்றால் பதிவேற்றியவரின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அந்தக் கதையின் முடிவு இன்னும் கற்றுத் தருவது. 2006 நவம்பரில் சன் ஜாவாவை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப் போவதாக அறிவித்து, 2007 மே மாதம் பெரும்பகுதி மூலநிரலைத் தந்தது. ஒலி, எழுத்துருத் தீட்டல், நிற மேலாண்மை போன்ற சில பகுதிகள் பிறருக்குச் சொந்தமானவை என்பதால் அவை மட்டும் இருமக் கோப்புகளாகவே நின்றன. ஐஸ்ட்டீ என்ற திட்டம் அந்த ஓட்டைகளைக் கட்டற்ற நிரல்களால் அடைத்தது. 2008 ஜூனில் ஃபெடோரா 9 என்ற வழங்கலில் அது, ஜாவாவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனைத் தொகுப்பையும் முழுமையாகக் கடந்தது. இப்படிக் கட்டற்றதாகிய ஜாவா, ஓபன்ஜேடிகே என்ற பெயரில் மெயின் பகுதிக்குள் வந்தது. ஆனாலும் பழக்கத்தின் காரணமாகப் பலர் சன்-ஜாவா6 பொதியையே வைத்திருந்தார்கள். 2010-இல் சன் ஆரக்கிளின் கைக்குப் போயிற்று. 2011 ஆகஸ்டில் டிஎல்ஜே உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்களை, அந்த உரிமத்தை நம்பியிருந்த வழங்கல்கள் விநியோகிக்க முடியவில்லை. ஓட்டை எது என்று உலகுக்கே தெரியும், அடைத்த கோப்பும் தரவிறக்கப் பக்கத்தில் இருக்கிறது, அதைப் பயனர்களிடம் கொண்டு சேர்க்க மட்டும் பராமரிப்பாளருக்கு உரிமை இல்லை. அவ்வாண்டு டிசம்பரில், தங்கள் கூட்டாளிக் களஞ்சியத்திலிருந்து அந்தப் பொதிகளை நீக்கப் போவதாகவும், பயனர்களின் கணினிகளுக்கு வெற்றுப் பொதிகளை அனுப்பி அதை அகற்றப் போவதாகவும் உபுண்டுவின் பின்னுள்ள கனானிக்கல் அறிவித்தது. ஒரு பொதிக்கு நாமே செய்யக்கூடிய கடைசி உதவி அதை வெறுமையாக்குவது என்ற நிலையை வேறெங்கும் நான் படித்ததில்லை.

‘மாற்றமின்றி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எந்த உரிமத்திலும் என்னை மிக அதிகமாக அலைக்கழித்த சொல் அதுதான். என்விடியா தன் லினக்ஸ் மென்பொருளுக்குத் தந்த உரிமத்தில், சுருக்கப்பட்டதை விரிப்பது தவிர இருமக் கோப்புகளை எவ்வகையிலும் மாற்றாமல் படியெடுத்து மறுவிநியோகம் செய்யலாம் என்று ஒரு விதிவிலக்கு நெடுங்காலம் இருந்து வருகிறது. விரிப்பதைக்கூட மாற்றமாகக் கொள்ளக் கூடும் என்று எண்ணி எழுதியிருக்கிறார்களே என்பதற்காகவே அந்த அடைப்புக்குறியை எழுதியவர்மீது எனக்கு மரியாதை உண்டு. என் கம்பைலரின் உரிமத்தில் அந்த அடைப்புக்குறி இல்லை. டெபியனின் பொதியாக்கக் கருவிகளோ இயல்பாகவே மாற்றுபவை: இருமக் கோப்புகளிலிருந்து வழுநீக்கத் தகவல்களை உரித்து அளவைக் குறைக்கும், நிரலகங்களைத் தேடும் பாதை உள்ளே பொறிக்கப்பட்டிருந்தால் அழிக்கச் சொல்லி எச்சரிக்கும். உரிப்பதை நிறுத்திவிட்டேன். பாதையை அழிக்க முடியாது; ஆனால் அந்தப் பாதை ‘ஆப்ட்’ (/opt) அடைவைக் காட்டுகிறது, டெபியன் பொதி எதையும் அங்கே வைக்கக் கூடாது. எட்டு ஆண்டுகளாக இதற்கு என்னிடம் உள்ள தீர்வு, பதினான்கு வரிகளில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். பயனர் கம்பைலரை அழைக்கும்போது உண்மையில் அதைத்தான் அழைக்கிறார்; அது நிரலகப் பாதையைச் சூழல் மாறியில் வைத்துவிட்டு, தொடப்படாத இருமக் கோப்பை எழுப்புகிறது. ஒரு பைட்டும் மாறவில்லை. ஒருமுறை அந்தக் கம்பைலர் தன் துணைக் கோப்பின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தேடியது. பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் பதினாறடிமான எடிட்டரில் ஒரு நிமிட வேலை. தொடவில்லை. தவறான பெயரிலேயே ஒரு குறியீட்டு இணைப்பை உருவாக்கினேன், அது இன்றும் இருக்கிறது.

சம்மதம் கேட்கும் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில உரிமங்கள், பயனர் ஏற்றுக்கொண்டால்தான் நிறுவ வேண்டும் என்கின்றன. டெப்கான்ஃப் என்ற கேள்வி அமைப்பின் வழியே பொதி அந்த உரிமத்தைக் காட்டி ஆம், இல்லை என்று கேட்கும். சன் ஜாவாவும் இப்படித்தான் கேட்டது. ஆனால் சர்வர்களை நிறுவுபவர் திரைமுன் உட்கார்ந்திருப்பதில்லை. விடையை முன்கூட்டியே ஒரு வரியில் எழுதிவைத்துவிடுகிறார். அந்த வரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் படியெடுக்கப்பட்டுச் செல்ல, உரிமத்தைக் கண்ணாலும் காணாத கணினிகள் வரிசையாக அதை ‘ஏற்றுக்கொள்கின்றன’. ஆரக்கிளின் தளத்திலிருந்து ஜாவாவை ஸ்கிரிப்ட் வழியே இறக்கியவர்கள், உரிமம் ஏற்கப்பட்டது என்று சொல்லும் ஒரு குக்கீயைத் தலைப்பில் சேர்த்தனுப்புவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. யாரும் எதையும் படிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அனுமதியே கிடைக்காத மென்பொருளுக்கு வேறு வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பொதிக்குள் மென்பொருளை வைக்காமல், பயனரின் கணினியில் நிறுவும்போது உற்பத்தியாளரின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளும் ஸ்கிரிப்டை மட்டும் வைப்பது ஒன்று. ஸ்கிரிப்ட் கட்டற்றது, அது கொண்டுவருவது அல்ல, எனவே காண்ட்ரிப். நானும் இன்னொரு கருவிக்கு இப்படி ஒன்றைச் செய்தேன், இரண்டே ஆண்டுகளில் கைவிட்டேன். முகவரி மாறும், பதிப்பு எண்ணை மாற்றாமலே கோப்பை மாற்றிவிடுவார்கள், என் ஸ்கிரிப்டில் உள்ள சரிபார்ப்புத் தொகை பொருந்தாது, நிறுவல் பாதியில் நிற்கும், வழு அறிக்கை எனக்கு வரும். ஒரு நாள் தரவிறக்கத்துக்குக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டால் கதை முடிந்தது. ஜாவா 8-இன் புதிய பதிப்புகளுக்கு 2019 ஏப்ரலில் உரிமம் மாறிக் கணக்கும் தேவைப்பட்டபோது, இப்படிப்பட்ட நிறுவல் ஸ்கிரிப்டுகள் செயலற்றுப் போயின.

இதைவிட நேர்மையானது என்று நான் கருதும் வழி, பயனர் தாமே போய், தாமே உரிமத்தை ஏற்று, கோப்பைக் கொண்டுவந்து தருவது. நம் கருவி அதைப் பொதியாக மாற்றித் தருவது. டெபியனின் ஜாவா-பேக்கேஜ் இதைத்தான் செய்தது. ஜென்டூ என்ற வழங்கலில் ஒரு பொதி விதியில் தரவிறக்கத் தடை குறித்திருந்தால், அதன் நிறுவல் கட்டளையான எமெர்ஜ் நின்று, எந்தக் கோப்பை எங்கிருந்து எடுத்து எந்த அடைவில் வைக்க வேண்டும் என்று சொல்லும். எந்தெந்த உரிமங்களை ஏற்கிறேன் என்பதைப் பயனர் ஒரே மாறியில் எழுதிவைக்கவும் அங்கே இடமுண்டு. நிக்ஸ் என்ற பொதி மேலாண்மைக் கருவியின் களஞ்சியத்தில் கட்டற்றதல்லாத பொதிகளை வெளிப்படையாக அனுமதித்தால்தான் அவை கட்டமைக்கப்படும். மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளுக்கு டெபியனில் உள்ள துணைப்பொதி இன்னும் அடக்கமானது: ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கி நிறுவியிருக்கும் மேட்லேபை வழங்கலின் மற்றவற்றோடு இணைத்துவிடுவதோடு நின்றுகொள்கிறது.

கட்டுப்பாடு என்றாலே நிறுவனங்களின் பேராசை என்று எண்ணுபவர்களுக்கு இரண்டு செய்திகள். ஜேசன் என்ற தரவு வடிவத்தின் தொடக்கக்கால நிரல்கள் வந்த உரிமத்தில் ‘இந்த மென்பொருளை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அன்று’ என்றொரு வரி இருந்தது. சிரிக்க வேண்டிய வரிதான். ஆனால் பயன்பாட்டுத் துறையின் அடிப்படையில் வேறுபாடு காட்டக் கூடாது என்ற நெறிக்கு அது முரண் என்பதால், அந்த நிரலைத் தொட்ட பொதிகளை எல்லாம் தேடித் தேடி நீக்கவோ மாற்றி எழுதவோ நேர்ந்தது. இரண்டாவது, ஜிசிசி. உலகின் புகழ்பெற்ற கட்டற்ற கம்பைலர் மெயினில் இருக்கிறது. அதன் கையேடு நான்-ஃப்ரீயில் இருக்கிறது. குனூ ஆவண உரிமத்தில் மாற்றக் கூடாத பகுதிகள் குறிக்கப்பட்டிருந்தால் அது கட்டற்றதாகாது என்று 2006-இல் வாக்கெடுத்து முடிவு செய்ததன் விளைவு. சுதந்திர மென்பொருளைத் தொடங்கியவர்களே எழுதிய கையேட்டை என் கம்பைலரின் பக்கத்தில் படுக்க வைத்திருக்கும் இந்தக் கண்டிப்பு சிலருக்கு எரிச்சலூட்டும். எனக்கு அதில்தான் நம்பிக்கை பிறக்கிறது. ஆள் பார்த்து விதி வளைவதில்லை.

பயனர்களிடமிருந்து வருபவை ஒரே விதமானவை. ஆர்ம் செயலிக் கணினியில் ஏன் நிறுவ முடியவில்லை என்பார்கள். நிறுவனம் ஒரே ஒரு செயலி வகைக்குத்தான் கோப்பு தருகிறது, மூலநிரல் இல்லாமல் நான் வேறொன்றை உருவாக்க முடியாது. உள்ளே கட்டிவைத்திருக்கும் பழைய நிரலகத்தில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, டெபியனின் பாதுகாப்புக் குழு நான்-ஃப்ரீயைக் கவனிப்பதும் இல்லை. இவ்வழுக்களை ‘மேல்நிலைக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று குறியிட்டு வைக்கிறேன். அவற்றுள் மிகப் பழையதற்கு ஆறு வயது ஆகிறது.

அப்படியானால் ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று சக தன்னார்வலர்கள் கேட்டிருக்கிறார்கள்; சற்றுக் கடுமையாகவும் கேட்டிருக்கிறார்கள். அந்தச் சில்லுகளுக்காக எழுதப்பட்ட நல்ல நிரல்கள் சில ஜிபிஎல் உரிமத்தில் இருக்கின்றன. அவற்றைக் கட்டமைக்க இந்தக் கம்பைலர் வேண்டும் என்பதாலேயே அவை மெயினுக்குள் வர முடியாமல் காண்ட்ரிப்பில் நிற்கின்றன. கட்டற்ற கருவிகள் தேறிவரும்வரை ஜாவாவில் எழுதப்பட்ட பல நிரல்கள் நின்றதைப்போல. அந்த நிரல்களை எழுதியவர்களுள் இருவர் இப்போது கட்டற்ற கம்பைலர் ஒன்றுக்கு இந்தச் சில்லுகளின் ஆதரவைச் சேர்த்து வருகிறார்கள். தாங்கள் உருவாக்கும் குறிமுறை சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு என் பொதி தேவைப்படுகிறது. இதைச் சொன்னால் கேட்டவர்களுள் பாதிப் பேர் சமாதானம் அடைகிறார்கள். மீதிப் பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு: எளிதாகக் கிடைக்கிற வரைக்கும் மாற்றுக்கான உந்துதல் குறையும். இதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. பொதியின் விவரிப்பில் முதல் பத்தியிலேயே இது கட்டற்றதல்ல என்றும், மாற்று முயற்சி எந்த நிலையில் இருக்கிறது என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு பதிப்பின் உரிமத்தையும் கிட் என்ற மாற்றப் பதிவுக் கருவியில் சேமித்து, முந்தையதோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். மூன்று வாரங்களுக்கு முன் புதிய பதிப்பு வந்தது. நிரலில் என்ன மாறியது என்று எனக்குத் தெரிய வழியில்லை. உரிமத்தில் இரண்டு இடங்கள் மாறியிருக்கின்றன. பத்தி எண்கள் ஒன்று தள்ளியிருக்கின்றன, ஏனெனில் கம்பைலரின் வேகச் சோதனை முடிவுகளை எழுத்துபூர்வ அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்று புதிதாக ஒரு பத்தி நுழைந்திருக்கிறது. மறுவிநியோகப் பத்தியில், முன்பு ‘எவரும்’ என்றிருந்த இடத்தில் இப்போது ‘இந்த ஒப்பந்தத்தை ஏற்ற எவரும்’ என்றிருக்கிறது. மிரர் தளங்கள் எதையும் ஏற்றதில்லை. பழைய முகவரிக்கே எழுதியிருக்கிறேன். விடை வரும்வரை களஞ்சியத்தில் பழைய பதிப்புதான் இருக்கும். புதியது ஏன் வரவில்லை என்று கேட்டு இதற்குள் நான்கு அறிக்கைகள் வந்துவிட்டன.